தவமணி மேல் காய்த்த அவரை

சாத்தூர் பைபாஸை ஒட்டிய வீட்டுவசதிக் குடியிருப்பின் மூன்றாம் பிளாக் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், நீல பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த தவமணியின் இடது காலை மரியபுஷ்பத்தின் அவரைக்கொடி சுற்றத் தொடங்கியது புரட்டாசி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை; வெள்ளிக்கிழமைக்குள் அது முழங்காலைத் தாண்டியது; அடுத்த வாரம் மடியில் ஒரு சுற்றுச் சுற்றி, முதுகில் ஏறி, தோளுக்கு வந்து, அதற்கு மேல் எங்கே போவதென்று காற்றில் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, போனைப் பிடித்திருந்த வலது கை வழியாக மணிக்கட்டு வரை இறங்கியது. தவமணி நிமிரவில்லை. பெருவிரலுக்கு மட்டும் வழி விட்டுவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் கொடி எடுத்துக்கொண்டது.

தவமணிக்கு நாற்பத்து நாலு வயது. புருஷன் அழகுமலை குவைத்தில் டிரைவர். பதினாறு வருஷமாக, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வந்து, சீனி டப்பா எங்கே, துண்டு எங்கே என்று விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டுப் புழங்கிவிட்டுப் போகிறவர். மகள் பிரதீபா போன வருஷம் வரை கூடவே இருந்தாள். அவள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன மறுநாள் தவமணி ஐந்து மணிக்கு எழுந்து, பழக்கத்தில் சோறு வடித்து, டிபன் பாக்ஸில் அடைத்து, மூடியை அழுத்திய பிறகுதான் யாருக்கு என்று யோசித்தாள். மதியம் அதையே திறந்து தின்றாள். அதற்கு மறுநாள் சமைக்கவில்லை.

போன், முகம் பார்த்துப் பேசுவதற்காக அழகுமலை அனுப்பியது. எங்கள் பிளாக்கில் வீட்டுக்குள் பேச மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், படம் திக்கித் திக்கித்தான் வரும். மாடியில், தொட்டிப் பக்கம் நன்றாக வரும். அதனால் தவமணி மேலே போனாள். முதலில் அரை மணி நேரம். பிறகு துணி காய்கிற நேரம். பிறகு துணி காய்ந்து, யாரோ எடுத்து மடித்து, மறுபடி நனைந்த துணி வந்து தொங்குகிற நேரம். யாரோ ஒருத்தி எங்கோ ஒரு நாட்டில் தன் வீட்டைக் கூட்டினாள், யாரோ ஒருவன் பலாப்பழத்தைப் பிளந்தான், ஒரு குழந்தை நடக்கப் பழகியது, ஒரு பாட்டு பாதியில் நின்றது, ஒரு புருஷன் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வந்தான், ஒரு நாய் அழுதது, மறுபடி ஒருத்தி வீட்டைக் கூட்டினாள். தவமணி எல்லாரையும் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் அறையிலிருந்து ஒயர் இழுத்து, சார்ஜுக்கும் வழி செய்துகொண்டாள்.

கழுத்து வலித்தது. பெருவிரல் மரத்தது. கண் மணல் போட்ட மாதிரி உறுத்தியது. தூக்கம் என்பதே இல்லாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு தேய்ந்திருக்கிறது, போனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டாக்டர் ஒரு கழுத்துப் பட்டை கொடுத்தார். தவமணி பட்டையைக் கட்டிக்கொண்டு போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். ஒரு மாதத்தில் பட்டையைக் கழற்றிவிட்டாள். கழுத்து குனிந்தபடியே நின்றுவிட்டது.

ஆடியில் மரியபுஷ்பம் தொட்டிப் பக்கம் ஓட்டை வாளியில் மண் போட்டு அவரை விதை ஊன்றினாள். மரியபுஷ்பம் தவமணியின் எதிர்வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள், அறுபதை நெருங்குகிறவள், தனியாக இருப்பவள். கொடி படர அவள் கயிறு கட்டியிருந்தாள். கொடி கயிற்றை விட்டுவிட்டு தவமணியைத் தேர்ந்தெடுத்தது.

"ஏ தவமணி, எந்திரி. கொடி ஏறுது பாரு" என்றாள் மரியபுஷ்பம்.

"இந்தா, எந்திரிக்கேன்க்கா" என்றாள் தவமணி.

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நாங்கள் சும்மா இருந்தோம் என்று சொல்லிவிட முடியாது. முதல் வாரம் எல்லாரும் மாடிக்குப் போய்ப் பார்த்தோம். கைதட்டிக் கூப்பிட்டோம். நாற்காலியோடு தூக்கிப் பார்த்தோம். நாற்காலிக் கால் வழியாக வேர் தளத்தின் விரிசலுக்குள் போயிருந்தது. ஊட்டினால் இரண்டு வாய் வாங்கினாள். கொடி தோளைத் தொட்ட பிறகு அதுவும் வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொண்டாள். தண்ணீர் மட்டும் குடித்தாள். உடம்பின் மற்ற தேவைகளும் நின்றுவிட்டன. முகத்தில் வாட்டம் இல்லை. கன்னம் கொஞ்சம் பச்சையோடி இருந்தது, அவ்வளவுதான். வேறு பிளாக்குகளில் இருந்து வந்து பார்த்தார்கள், கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், லோக்கல் சேனலில் இருந்து ஒருவர் வந்து மைக்கை அவள் வாயருகே ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் கயத்தாறு பக்கம் ஒரு எருமை மச்சில் ஏறி இறங்க மாட்டேன் என்று நின்ற வீடியோ வந்தது. எல்லாரும் அதைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அழகுமலை ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டார். தவமணியின் பெருவிரல் பச்சைப் பொத்தானைத் தள்ளியது. "பின்னால என்ன, ஒரே பச்சையா இருக்கு? தோட்டம் போட்டிருக்கியா? நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் லாரி ஹாரன் கேட்டது. "சரி, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டார்.

ஐப்பசியில் அடைமழை. குடியிருப்புச் சங்கத் தலைவர் சங்கரலிங்கம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏணி போட்டு ஏறி தவமணிக்கு மேலே தார்ப்பாய் கட்டினார். மரியபுஷ்பம் அவள் போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெருவிரல் அளவுக்கு ஓட்டை வைத்துக் கொடுத்தாள். மழை விட்டதும் கொடி பூத்தது. கழுத்தில், காதோரத்தில், முழங்கையின் மடிப்பில், ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. கார்த்திகையில் காய்த்தது. அப்படி ஒரு காயை நாங்கள் பார்த்ததில்லை. பட்டை பட்டையாக, விரல் நீளத்தில், நாரே இல்லாமல். பொரியல் வைத்தால் பக்கத்து வீட்டில் மணத்தது.

காய் யாருக்கு என்று சங்கக் கூட்டம் போட வேண்டியதாயிற்று. விதை என்னுடையது என்றாள் மரியபுஷ்பம். மாடி பொதுவானது என்றார்கள் கீழ்வீட்டுக்காரர்கள். அப்படிப் பார்த்தால் காய்த்திருப்பது தவமணி மேல்தானே என்றார் யாரோ. கடைசியில், கிழமைக்கு இரண்டு வீடு என்று சங்கரலிங்கம் முறை வைத்தார். பறிக்கிறவர்கள் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவள் வாயிலும் ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும், முகம் துடைத்துவிட வேண்டும். எல்லாருக்கும் சம்மதம். தவமணியைக் கேட்கவில்லை.

பறிக்கப் போனால் அரை மணி நேரமாவது ஆகும். குனிந்த தலைக்குக் கீழே, கை இடுக்கில், பின்கழுத்தில் என்று தேடித் தேடிப் பறிக்க வேண்டும். ஒரு மனுஷியை இவ்வளவு கிட்டத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியுமா? முதலில் வெயிலைப் பற்றிப் பேசினோம், விலைவாசியைப் பற்றிப் பேசினோம். அவள் திருப்பிப் பேச மாட்டாள், நடுவில் குறுக்கிட மாட்டாள், எழுந்து போக மாட்டாள், முக்கியமாக, கேட்கவே மாட்டாள் என்று நினைத்தோம். பிறகு மெல்ல மெல்ல, வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லத் தொடங்கினோம். முதல் மாடி டீச்சர் தன் மார்புக் கட்டியைப் பற்றிச் சொன்னாள், புருஷனுக்கு இன்னும் தெரியாது. சங்கரலிங்கம், மனைவி உயிர் பிரிந்தபோது தான் பக்கத்தில் இருந்ததாக ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தவர், ஒரு சனிக்கிழமை காயைப் பறித்து மடியில் போட்டபடியே, அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையின் வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், மழை பெய்துகொண்டிருந்தது, மழைக்கு ஒதுங்கவில்லை, பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னார். மரியபுஷ்பம், தான் ஒத்துக்கொள்ளாத பெண்ணைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருஷமாக வராத, பேசாத தன் மகனைப் பற்றிச் சொன்னாள். முறை இல்லாத நாளிலும் சிலர் கூடையை எடுத்துக்கொண்டு மாடியேறினோம். காய் இல்லாவிட்டாலும் ஏறினோம்.

பொங்கல் லீவுக்கு பிரதீபா வந்தாள். தீபாவளிக்கு வரவில்லை, பரீட்சை என்று தோழி வீட்டிலேயே இருந்துவிட்டாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா மாடியில் இருப்பாள் என்று பையோடு ஏறினாள். அன்று முறை மரியபுஷ்பத்துக்கு. அவள் தவமணியின் பின்கழுத்தில் காய் தேடிக்கொண்டிருந்தாள். முறை இல்லாத நாங்கள் சிலரும், சங்கரலிங்கமும், பக்கத்தில் நின்றிருந்தோம்.

பிரதீபா பையைக் கீழே போட்டாள்.

"அம்மா" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "எத்தன நாளா இப்படி?"

"புரட்டாசில இருந்து" என்றாள் மரியபுஷ்பம். கூடையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "தினமும் தண்ணி ஊத்துறோம் பாப்பா. முகம் தொடைச்சு விடுறோம்."

"எனக்கு ஒரு போன் பண்ணணும்னு ஒருத்தருக்கும் தோணலையா?"

"உனக்கும் தெரியும்னு நெனச்சோம்" என்றார் சங்கரலிங்கம். "எந்நேரமும் போன்லதான் இருக்கு. உங்கூட பேசிக்கிட்டிருக்குன்னு..."

பிரதீபா நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "நான் ஒரு போட்டோ போட்டா ஒரு நொடியில ஹார்ட் வந்துரும்" என்றாள், எங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை. "ஒரு தடவகூட தப்புனதில்ல. அம்மா நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

அவள் முதலில் போனை எடுத்தாள். கொடி எதிர்க்கவில்லை, தவமணியும் எதிர்க்கவில்லை. ஆனால் வெறும் உள்ளங்கைக்கு மேலே பெருவிரல் மேலே தள்ளியது, மேலே தள்ளியது, ஒரு கணம் நின்றது, யாரையோ பார்த்தது, மறுபடி மேலே தள்ளியது. பிரதீபா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையை நீட்டி அந்தப் பெருவிரலுக்குக் கீழே வைத்தாள். விரல் மகளின் உள்ளங்கையில் மேலே தள்ளியது.

இழுத்துப் பிடுங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் இருந்து வந்து பார்த்த நர்ஸ் சொன்னார். கொடியின் பிடி நுனி தோலுக்குள் போயிருக்கிறது. ஒவ்வொன்றாக வெட்டி, ஈரத்துணி போட்டு, ஊறவைத்து எடுக்க வேண்டும். பிரதீபா கத்தரிக்கோல் கேட்டாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்களில் ஒருவர், இன்னும் இரண்டு வாரத்துக்குக் காய் இருக்கிறதே என்று சொன்னார். யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை. எல்லாரும் நினைத்ததைத்தான் அவர் சொன்னார்.

முதல் இரண்டு நாள் பிரதீபா தனியாக வெட்டினாள். மூன்றாம் நாள் காலையில் மரியபுஷ்பம் வீட்டில் இருந்து கத்தியோடு ஏறி வந்தாள். வாளியின் நடுவில், தான் விதை ஊன்றிய இடத்தில், கொடியின் தண்டு விரல் பருமனுக்கு இருந்தது. அதை ஒரே வெட்டாக வெட்டிவிட்டு, "என் விதைதானே" என்று சொல்லிவிட்டு, தவமணியின் காலடியில் உட்கார்ந்து சுற்றுச் சுற்றாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள். ஒன்பது நாள் ஆயிற்று. கொடி போன இடமெல்லாம் தோலில் வெளுத்த கோடு விழுந்திருந்தது. பகல் முழுக்க பெருவிரல் பிரதீபாவின் கையில் தள்ளிக்கொண்டே இருந்தது. நாளாக ஆக மெதுவாகத் தள்ளியது. ஒன்பதாம் நாள் மதியம் தள்ளுவதை நிறுத்திவிட்டு, கீழே இருந்த கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பசிக்குதுடி" என்றாள் தவமணி.

சோறு தின்றாள். அழுதாள். கால் மரத்துப் போயிருந்ததால் நாற்காலிக் காலைப் பிடித்திருந்த வேரையும் அறுத்துவிட்டு, நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வீட்டில் கொண்டுபோய் இறக்கினோம். கழுத்து நிமிரவே இல்லை. பயிற்சி செய்தால் ஒரு வருஷத்தில் கொஞ்சம் நிமிரும், முழுசாக நிமிரும் என்று சொல்ல முடியாது என்றார் நர்ஸ். நின்றால் அவளுக்கு ஆட்களின் வயிறு தெரிந்தது, கை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"ஏம்மா எந்திரிக்கல? கொடி ஏறுறது தெரியலையா?" என்று கேட்டாள் பிரதீபா.

"தெரிஞ்சுச்சு. எந்திரிச்சு எங்க போக?" தவமணி மெதுவாகத்தான் பேசினாள், குரல் துருப்பிடித்திருந்தது. "கால்ல சுத்துனப்ப யாரோ கைய வச்ச மாதிரி இருந்துச்சு. அப்படி யாரும் தொட்டு நாளாச்சு. விட்டுட்டேன்."

மறுநாள் சங்கரலிங்கம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். இனி நன்றாகிவிடும், எதற்கும் கவலைப்படக் கூடாது என்றெல்லாம் சொன்னார். தவமணி அவர் கைகளைப் பார்த்தபடி, உண்மையான வருத்தத்தோடு, "அண்ணே, அந்த டீக்கடையில எத்தன மணி நேரம் நனைஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

அவர் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு எழுந்தார்.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றாள் வாசலில் நின்ற டீச்சர்.

"கண்ணுதான் அங்க இருந்துச்சு. காது சும்மாதானே இருந்துச்சு" என்றாள் தவமணி. "எல்லாம் கேட்டுச்சு."

அன்று சாயங்காலத்துக்குள் மூன்றாம் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதோடு நாங்கள் அவள் வீட்டுக்குப் போவதை விட்டோம். படியில் ஏறும்போது அவள் கதவு திறந்திருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தோம். டீச்சர் பின்பக்கப் படி வழியாகப் போக ஆரம்பித்தாள். ஏழு நாள் காலடியில் உட்கார்ந்து கொடி பிரித்த மரியபுஷ்பம்கூட, எதிர்வீட்டுக்காரி, கதவை ஒருக்களித்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத நேரமாக வெளியே போய் வந்தாள்.

பிரதீபாவுக்குக் காலேஜ் திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்றாள். தவமணி ஒத்துக்கொள்ளவில்லை.

"நீ போ. எனக்காக நின்னா, அப்புறம் நான் உன்னப் பிடிச்ச கொடி ஆயிருவேன்."

"போன நான் எடுத்துட்டுப் போறேன்."

"இங்கயே இருக்கட்டும். கொண்டு போயிட்டா அது எங்க இருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டிருப்பேன்."

பிரதீபா ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்து, தினமும் காலையில் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கூப்பிடவும் செய்தாள், ஐந்து நிமிஷம் பேசினாள். மீதி நேரமெல்லாம் மீதி நேரமாகவே கிடந்தது. தவமணி ஒரு ஆள் சோறு வடித்தாள். கழுத்துப் பயிற்சி செய்தாள். அழகுமலைக்குக் கூப்பிட்டு, வந்துவிடுங்களேன் என்றாள். பார்க்கலாம் என்றார் அவர். பெரிய போன் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. மதிய வெயிலில் பிளாக்கே அடங்கிக் கிடக்கையில் அவள் எழுந்து பீரோவரை போவாள், சாவியைத் தொடுவாள், திரும்பி வந்து உட்காருவாள். சில நாள் நாலு தடவை, சில நாள் இருபது தடவை. ஒருநாள் திறந்தே விட்டாள்; எடுத்து, இருட்டான கண்ணாடியில் தன் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, மறுபடி வைத்தாள். அன்று சோறு வடிக்க மறந்துபோனாள். கேட்க ஆள் இல்லை.

எங்களுக்கும் ஏதோ ஆகியிருந்தது. தொண்டைக்குள் சொல்லாத பேச்சு குவிந்துகொண்டே வந்தது. சிலர் கூடை இல்லாமல் மாடிக்குப் போய், தொட்டியைப் பார்த்து ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தோம். தொட்டி அதை அப்படியே திருப்பிச் சொன்னது. இறங்கி வந்து வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூடத்தில் சமையல் முடித்து வந்த மரியபுஷ்பம் தன் வீட்டுப் பூட்டைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்தபடியே நின்றாள். பிறகு திரும்பி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தவமணி திறந்தாள். அவளுக்குத் தெரிந்தது, மஞ்சள் கறை பட்ட சேலையும், சாவியை நெரித்துக்கொண்டிருந்த இரண்டு கைகளும்தான்.

"வாங்கக்கா."

மரியபுஷ்பம் உள்ளே வந்தாள். உட்காரவில்லை.

"எம் மகன் விஷயம்" என்றாள். "மாடில வச்சு சொன்னேன்ல. அத யாருட்டயும் சொன்னியா?"

"யாரு வந்தா, சொல்றதுக்கு?" என்றாள் தவமணி.

கீழே யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"நான் சொன்னது முழுசும் நெசமில்ல" என்றாள் மரியபுஷ்பம். "அவன் வரவே இல்லைன்னு சொன்னேன். வந்தான். அவன் கட்டுன அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வந்தான். நான் கதவத் திறக்கல. உள்ளயே நின்னுக்கிட்டிருந்தேன்."

தவமணி தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். வலியில் முகம் சுளித்தது. நிமிர முடியவில்லை; சேலைக் கறைக்கு மேலே அவள் பார்வை போகவில்லை.

"உக்காருங்கக்கா" என்றாள், நாற்காலியை நகர்த்தி.

மரியபுஷ்பம் நாற்காலியைப் பார்த்தாள், குனிந்திருந்த அந்தத் தலையைப் பார்த்தாள். நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, தன் முகம் தவமணியின் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி, வெறும் தரையில் உட்கார்ந்தாள்.